கொடுமுடி பாலாம்பாளின் மகள்



ஆடிக் கிருத்திகையோ, தைப்பூசமோ, பங்குனி உத்திரமோ வந்துவிட்டால் விடியற்காலை ஐந்து மணிக்கே கோயில் ஒலிபெருக்கி நம்மை எழுப்பிவிடும். சன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பிப் படுப்பவர்களும் நம்மில் உண்டு. ஆனால் அந்தப் பாட்டு வரிசையில் ஒரு குரல் வரும்போது மட்டும் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பால்கனியில் சற்று நின்று கேட்பீர்கள். கோபித்துக்கொண்டு பழநி மலைக்குப் போய்விட்ட முருகனை, பாட்டி ஒருத்தி உரிமையோடு சமாதானப்படுத்தும் குரல் அது. யார் பாடுவது என்று பேரப்பிள்ளை கேட்டால் நாமும் யோசிக்காமல் ஔவையார் என்று சொல்லிவிடுவோம்.

ஔவையார் என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் அந்த உருவம் கே.பி. சுந்தராம்பாள். வெள்ளைப் புடவை, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உருத்திராட்சம். அந்த அம்மையார் பிறக்கும்போதே கிழவியாகப் பிறந்தவர் போல நமக்கு ஒரு எண்ணம். அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால், அந்த வெள்ளைப் புடவைக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது 25 தான் என்பது தெரியும். அதற்குப் பிறகு 47 ஆண்டுகள் அதே உடையில், தன் குரலை மட்டும் முதலாக வைத்து, தன் நிபந்தனைகளை விட்டுக்கொடுக்காமல் வாழ்ந்து காட்டினார். அந்தக் கதையைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தலைப்பெழுத்தில் ஒரு தாய்

முதலில் அவர் பெயரைக் கவனியுங்கள். கே என்பது கொடுமுடி. ஈரோட்டுக்கும் கரூருக்கும் இடையே காவிரிக் கரையில், மகுடேசுவரர் கோயில் இருக்கும் ஊர். பி என்பது பாலாம்பாள். அது அப்பா பெயர் அல்ல, அம்மா பெயர்.

நான் வங்கியில் வேலை பார்த்த காலத்தில் கணக்குத் தொடங்கும் படிவத்தில் தந்தை அல்லது கணவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். தாயின் பெயருக்கு அங்கே இடமில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பத் தயங்கி நின்ற பெண்களைக் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். ஆனால் 1908ஆம் ஆண்டு அக்டோபரில் பிறந்த இந்தப் பெண், வாழ்நாள் முழுவதும் தாயின் பெயரையே தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொண்டார். சுவரொட்டியிலும் இசைத்தட்டிலும் சட்ட மேலவையிலும் அதே எழுத்துதான்.

காரணம் வறுமை. ஆண் துணை இல்லாமல் பிள்ளைகளை வளர்த்தவர் பாலாம்பாள். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் பிள்ளைகளோடு காவிரியில் இறங்கப் போய், மனம் மாறித் திரும்பினார் என்றும் சொல்வதுண்டு. அந்த வீட்டில் விற்கவோ அடகு வைக்கவோ ஒன்றும் இல்லை. மூத்த பெண்ணின் தொண்டையில் மட்டும் ஏதோ இருந்தது.

ரயிலில் பாடிய சிறுமி

விருத்தாசலம் ஜங்ஷனில் ஏறிச் சென்னைக்கோ திருச்சிக்கோ போகும்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள். யாராவது ஒருவர் பாடிக்கொண்டே பெட்டிக்குள் வருவார். நாம் சட்டென்று செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம், அல்லது தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வோம்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு கொடுமுடிப் பக்கத்து ரயில்களில் சுந்தராம்பாளும் அப்படித்தான் காசுக்காகப் பாடிக்கொண்டு வந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அன்று அந்தப் பெட்டியில் கண்ணை மூடிக்கொள்ளாத ஒருவர் இருந்தார். அவர் எஃப்.ஜி. நடேச ஐயர். திருச்சியில் ரயில்வே அதிகாரி. நாடகப் பித்து பிடித்தவர். திருச்சி ரசிக ரஞ்சன சபையை ஏற்படுத்தியவர். பிற்காலத்தில் 'சேவாசதனம்' படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமியோடு நடித்தவரும் இவர்தான். சிறுவனாக இருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரை 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றியவரும் இவரே. ஒரே மனிதரின் காது தமிழ்நாட்டுக்கு இரண்டு பெரிய குரல்களைத் தேடிக் கொடுத்திருக்கிறது.

அவர் மூலமாகச் சுந்தராம்பாள் வேலு நாயர் நாடகக் கம்பெனிக்குப் போனார். முதல் வேடம் 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் துடிக்கும் பிள்ளை. நல்லதங்காள் கதை நமக்குத் தெரியும். பஞ்சத்தில் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் குதிக்கும் தாயின் கதை. பசியைப் பாட இந்தச் சிறுமிக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மைக் இல்லாத மேடை

அன்றைய நாடக மேடை எப்படி இருந்தது என்பதை இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். இரவு சாப்பாடு முடிந்து பத்து மணிக்கு ஆரம்பித்தால் பொழுது விடியும்வரை நடக்கும். ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும். ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்தால் அதற்கு மேலே குரல் எழும்ப வேண்டும். குரல் எடுபடாதவருக்கு அந்த மேடையில் பிழைப்பு இல்லை.

ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு முறையும் இருந்தது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய 'வள்ளி திருமணம்', 'கோவலன்', 'பவளக்கொடி' எல்லாருக்கும் மனப்பாடம். மேடையில் நேருக்கு நேர் நின்று பாட்டாலும் பேச்சாலும் தர்க்கம் செய்வார்கள். பெயர் பெற்ற நடிகரோடு ஜோடி சேர்வது என்றால் ஆயிரம் பேர் முன்னால் தேர்வு எழுதுவது போல.

சுந்தராம்பாள் இந்தத் தேர்வை இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் ஊர் ஊராக எழுதித் தேறியவர். கொழும்பில் அவருக்குத் தனிச் செல்வாக்கே இருந்தது. பெண் வேடம் மட்டுமல்ல, ஆண் வேடமும் கட்டி நடித்தார்.

ஏழு ஆண்டுகள்

1926இல் கொழும்பில் அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க வந்தார் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. சுந்தராம்பாளைவிட இரண்டு வயது மூத்தவர். முறையாகக் குருவிடம் பாட்டுப் படித்தவர் அல்ல. ஆனால் அவர் உச்சத்தில் எடுக்கும் குரலுக்குச் சங்கீத வித்வான்களே மயங்கினார்கள். இவர் முன்னால் அவர் நிற்க முடியுமா, அவர் முன்னால் இவர் நிற்க முடியுமா என்று இரண்டு பக்கமும் பேச்சு நடந்தது. இருவரும் நின்றார்கள். பார்த்தவர்கள் அந்த ஜோடியைக் கடைசிவரை மறக்கவில்லை.

1927இல் திருமணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். சாதியும் வேறு. ஆகவே இது இரு வீட்டாரும் கூடி மகிழ்ந்து நடத்திய கல்யாணம் அல்ல. பின்னால் வந்த நாட்களும் சீராக ஓடவில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அவற்றில் அன்பும் இருக்கிறது, மனக்கசப்பும் இருக்கிறது. பிறந்த ஒரே குழந்தை சில நாட்களே உயிரோடு இருந்தது.

1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 27. கொழும்பில் முதல் முறை சேர்ந்து பாடியதிலிருந்து எண்ணினால் மொத்தம் ஏழு ஆண்டுகள். அதில் பிரிந்திருந்த காலத்தைக் கழித்தால் இன்னும் குறைவு.

அன்றிலிருந்து சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார். நகைகளைக் கழற்றினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். சிறிது காலம் வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். அவருடைய தொழிலே ஜோடி நடிப்புதான். வள்ளிக்கு முருகன் வேண்டும், பவளக்கொடிக்கு அர்ச்சுனன் வேண்டும். ஜோடி இல்லை என்று சொல்லும் நடிகை, கடையை மூடுகிறேன் என்று சொல்வதாகத்தான் அன்று யாருக்கும் தோன்றியிருக்கும்.

ஒரு லட்ச ரூபாய்

அந்த நேரத்தில்தான் பேசும் படம் தமிழ்நாட்டில் காலூன்றிக்கொண்டிருந்தது. அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் 'நந்தனார்' கதையைப் படமாக்க நினைத்தார். நந்தனார் வேடத்துக்குச் சுந்தராம்பாளைக் கேட்டார்கள். அவருக்கு விருப்பமில்லை. முகத்தை முறித்து மறுப்பதற்குப் பதிலாக, எவரும் கொடுக்க முடியாத ஒரு தொகையைச் சொன்னால் போய்விடுவார்கள் என்று ஒரு லட்ச ரூபாய் கேட்டார். தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஒரு லட்சம் என்றால் இன்று நமக்குப் பெரிதாகத் தெரியாது. நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்து பழகியவன் என்பதால் எனக்கு எதையும் பவுனில் போட்டுப் பார்த்தால்தான் புரியும். 1935இல் ஒரு பவுன் விலை 30 ரூபாய்க்கும் கீழே. அப்படியானால் ஒரு லட்ச ரூபாய்க்கு 3,000 பவுனுக்கு மேல் வாங்கலாம். இன்றைய விலையில் நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஒரு படத்துக்கு லட்ச ரூபாய் ஊதியம் பெற்ற முதல் கலைஞர் இவர்தான் என்று எழுதப்படுகிறது. ரயிலில் காலணாவுக்குப் பாடிய பெண், கணவரை இழந்து மூலையில் உட்கார்ந்திருந்த பெண், தன் குரலுக்குத் தானே விலை சொன்னார்.

அந்த வேடத்தையும் கவனியுங்கள். நந்தனார் ஆண், அதனால் ஜோடி கிடையாது. தில்லை நடராசரைப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு ஒன்றுதான் கதை. எடுத்த முடிவுக்குக் குறைவில்லாத வேடம். நந்தனாரின் தில்லை நம் கடலூர் மாவட்டத்துச் சிதம்பரம்தான் என்பதால் நமக்கும் அதில் ஒரு சொந்தம் உண்டு. படத்தில் வேதியராக நடித்தவர் பெரிய சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். இயக்கியவர் மாணிக்லால் டாண்டன். அவரோடு இந்தியாவுக்கு வந்த அமெரிக்க நண்பர் எல்லிஸ் ஆர். டங்கன் சினிமா வேலையைத் தமிழில் பழகிக்கொண்டது இந்தப் படப்பிடிப்பில்தான். எம்.ஜி.ஆரின் முதல் படமான 'சதி லீலாவதி'யைப் பிறகு இயக்கியவர் அந்த டங்கன்.

'நந்தனார்' எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. ஆனாலும் சுந்தராம்பாளின் விலை இறங்கவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் நடிகைகளின் நிலையை ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் நடிகைகளை ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டிருந்தன. கொடுத்த வேடத்தை மறுத்தால் சம்பளமில்லாமல் நிறுத்தி வைப்பார்கள். நிறுத்திவைத்த நாட்களையும் ஒப்பந்தக் காலத்தோடு கூட்டிவிடுவார்கள். ஒலிவியா டி ஹாவிலண்ட் என்ற நடிகை வழக்குப் போட்டு 1944இல் வென்ற பிறகுதான் அந்தக் கட்டு தளர்ந்தது. நம் கொடுமுடி அம்மையார் எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை. எந்த ஸ்டூடியோவுக்கும் கட்டுப்படவும் இல்லை. பிடித்தால் ஒப்புக்கொள்வார், இல்லையென்றால் கொடுமுடியில் இருப்பார். 1935 முதல் கடைசிவரை அவர் நடித்த படங்கள் சுமார் ஒரு டஜன்தான்.

தேர்தல் மேடையில்

அவரை மறுபடியும் பொது மேடைக்கு இழுத்து வந்ததில் தீரர் சத்தியமூர்த்திக்குப் பெரும் பங்கு உண்டு. நாடகக்காரர்களைக் கூத்தாடிகள் என்று ஒதுக்கிய காலத்தில் அவர்களைத் தேடிப் போய் மரியாதை செய்த காங்கிரஸ் தலைவர் அவர். மேடையில் தேசபக்திப் பாட்டுப் பாடியதற்காக விசுவநாததாஸ் போன்ற நடிகர்கள் பலமுறை சிறைக்குப் போன காலம் அது.

1937 தேர்தலில் சுந்தராம்பாள் காங்கிரசுக்காக ஊர் ஊராகப் பாடினார். பேச்சாளர் வருவதற்கு முன்னால் அவர் பாட்டுக்கே கூட்டம் சேர்ந்துவிடும். அவர் பாடிய தேசியப் பாடல்கள் இசைத்தட்டாகவும் பரவின. மகாத்மா காந்தி ஒருமுறை கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் உணவு படைத்தார் என்றும், காந்தி அந்தத் தட்டையே நிதிக்காகக் கேட்டு வாங்கி ஏலம் விட்டார் என்றும் அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள்.

பிற்காலத்தில் அவர் சட்ட மேலவை உறுப்பினராகவும் ஆனார். திரைப்படத் துறையிலிருந்து இந்தியாவில் ஒரு சட்டமன்ற அவைக்குள் நுழைந்த முதல் கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். சினிமாவும் அரசியலும் தமிழ்நாட்டில் எவ்வளவு நெருக்கம் என்று நாம் நினைக்கும்போது எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா என்றுதான் ஆரம்பிக்கிறோம். வரிசையில் முதலில் நிற்பவர் இந்த வெள்ளைப் புடவைக்காரர்.

கிழவி வேடமும் நம் ஊர்க் கதையும்

1940இல் 'மணிமேகலை' வந்தது. அதிலும் துறவிதான். அதன்பிறகு பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1953 ஆகஸ்டில் ஜெமினியின் 'ஔவையார்' வெளியானது. எஸ்.எஸ். வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய படம். யானைக் கூட்டம் கோட்டையை இடித்துத் தள்ளும் காட்சியை அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். நாடக மேடையில் ஔவையாராக வாழ்ந்தவர் டி.கே. சண்முகம். ஆண் ஒருவர் கட்டிய அந்த வேடத்துக்கு அவர் பெயரே ஔவை சண்முகம் ஆகிவிட்டது. திரையில் அதைச் சுந்தராம்பாள் எடுத்துக்கொண்டார்.

அந்தப் படத்தில் இளம் ஔவையாக நடித்தவர் குசலகுமாரி. குழந்தை ஔவையாக வந்தவர் சச்சு. கல்யாண ஏற்பாடு நடக்கும்போது, தன் இளமையை எடுத்துக்கொண்டு முதுமையைத் தரச்சொல்லி விநாயகரை வேண்டுகிறாள் அந்தப் பெண். கிழவியாகிறாள். வீட்டைவிட்டு வெளியேறித் தமிழ்நாடு முழுவதும் தடையில்லாமல் நடக்கிறாள். மன்னர்களிடம் நேருக்கு நேர் பேசுகிறாள்.

இந்தக் கதையைக் கேட்கும்போது எனக்கு விருத்தகிரீசுவரர் கோயில் நினைவு வரும். அந்தத் தலக்கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், வெளியூரிலிருந்து இங்கே குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் குருநமச்சிவாயர் திருமுதுகுன்றத்தில் தங்கினார். பசி. அம்பாளைக் கிழத்தி என்று விளித்துப் பாடிச் சோறு கேட்டார். அம்பாள் கிழவியாகவே வந்து, கிழவியால் எப்படியப்பா சோறு சுமந்து வர முடியும் என்று கேட்டாள். புலவர் இளமையாக மாற்றிப் பாடினார். அவள் இளம்பெண்ணாகச் சோற்றோடு வந்தாள். அதனால்தான் அங்கே விருத்தாம்பிகையும் உண்டு, பாலாம்பிகையும் உண்டு.

நம் ஊர் அம்பாள் முதுமையிலிருந்து இளமைக்கு வந்தாள். ஔவை இளமையிலிருந்து முதுமைக்குப் போனாள். பாலாம்பாளின் மகளும் 25 வயதில் அப்படித்தான் போனார். இளம் விதவை, பெயர் பெற்ற நடிகை, கையில் காசு உள்ளவர். அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெண்ணைச் சுற்றி எத்தனை பேர் என்னென்ன எண்ணத்தோடு வருவார்கள் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. வெள்ளைப் புடவையும் விபூதியும் அவர் கணவருக்குச் செய்த மரியாதை. அதோடு, அவை அவருக்குக் காவலாகவும் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். கிழவிக்குத் திறக்கும் கதவுகள் அவருக்கும் திறந்தன.

நிபந்தனையோடு வந்தவர்

1964இல் 'பூம்புகார்'. கலைஞர் மு. கருணாநிதி வசனம் எழுதி, ப. நீலகண்டன் இயக்கிய படம். எஸ்.எஸ். ராஜேந்திரன் கோவலன், விஜயகுமாரி கண்ணகி. கவுந்தியடிகள் வேடத்துக்குச் சுந்தராம்பாளை அழைத்தார்கள். இவர் காங்கிரஸ்காரர், முருக பக்தர். அவர்கள் பகுத்தறிவு இயக்கத்தார். ஒரு பாட்டில் தெய்வத்தைக் கேள்வி கேட்பதுபோல் வந்த வரியைப் பாட இவர் மறுத்தார் என்றும், கலைஞர் அதை மாற்றிக் கொடுத்தார் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. இரண்டு பேரும் தங்கள் கொள்கையை விடவில்லை. இருந்தாலும் வேலை நடந்தது. நம் சங்கக் கூட்டங்களில் பார்க்கிங் பிரச்சினைக்கே நாம் படும் பாட்டை நினைத்தால் இது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

1965இல் ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்'. சிவாஜி கணேசனும் சாவித்திரியும் சிவனும் பார்வதியுமாக நடித்த படத்தில், சுந்தராம்பாள் வரும் நேரம் குறைவு. இசை கே.வி. மகாதேவன். மைக் இல்லாத மேடையில் பழகிய குரல், மைக் முன்னால் வந்து நின்றது. அறுபது ஆண்டுகளாகியும் கோயில் ஒலிபெருக்கியில் அதை யாரும் எடுக்கவில்லை. 1967இல் 'கந்தன் கருணை'யிலும் அவர்தான் ஔவை.

1969இல் 'துணைவன்'. சௌகார் ஜானகி, ஏ.வி.எம். ராஜன் நடித்த படம். குழந்தையாக இருந்த ஸ்ரீதேவி அதில் முருகனாக வருவார். இந்தப் படத்தில் பாடியதற்காகச் சுந்தராம்பாளுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. பாடகிகளுக்கான அந்த விருதை அதற்கு முந்தைய ஆண்டுதான் முதன்முதலாகப் பி. சுசீலா பெற்றிருந்தார். சுசீலாவின் தாய் வயதுள்ளவர், அறுபதைத் தாண்டியவர், இரண்டாவதாக வாங்கினார். 1966இல் தமிழ் இசைச் சங்கத்தின் இசைப்பேரறிஞர் பட்டம், 1970இல் பத்மஸ்ரீ. 1973இல் 'காரைக்கால் அம்மையார்'. இளமை வேண்டாம் என்று இறைவனிடம் கேட்டுப் பேயுருவம் பெற்ற அந்த அம்மையாரின் கதையும் இவரைத்தான் தேடி வந்தது.

சம்பாதித்ததைக் கொண்டு கொடுமுடியில் தன் பெயரில் ஒரு சினிமாக் கொட்டகையும் கட்டினார். 1980இல் காலமானார். கிட்டப்பா இறந்து அப்போது ஏறத்தாழ 47 ஆண்டுகள் ஆகியிருந்தன.

முடிக்கும் முன்

இந்த அம்மையாரைப் பற்றி எழுத நினைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை உங்களிடம் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

நம் குடியிருப்பில் பொங்கல் விழா, ஆண்டு விழா என்று எது நடந்தாலும் குத்துவிளக்கு ஏற்ற யாரை அழைக்கிறோம்? சுமங்கலிகள் முன்னால் வாருங்கள் என்று மைக்கில் அறிவிக்கிறோம். யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை, பழக்கம் அப்படி. அந்த அறிவிப்பு வரும்போது பின்வரிசையில் சில அம்மாக்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கணவர் இறந்த பிறகு பிள்ளைகளைப் படிக்கவைத்து, வேலைக்கு அனுப்பி, பேரப்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். அவர்களில் நன்றாகப் பாடுபவர்களும் இருக்கிறார்கள். சமையலறையில் மட்டும் பாடுவார்கள்.

அதே நாள் விடியற்காலையில் ஒலிபெருக்கியில் நாம் யார் குரலோடு அந்த நாளைத் தொடங்கினோம்? கணவரை இழந்து 47 ஆண்டுகள் வெள்ளைப் புடவையில் வாழ்ந்த ஒரு பெண்ணின் குரலோடு. முருகனுக்கு அது மங்கலமாக இருக்கிறது. கோயிலுக்கும் ஊருக்கும் மங்கலமாக இருக்கிறது. நம் விழாவுக்கு மட்டும் எப்படி ஆகாமல் போகும்?

வரும் ஆண்டு விழாவில் முதல் திரியை ஏற்ற அந்தப் பின்வரிசையிலிருந்து ஒருவரை அழைக்கலாம் என்று சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நான் முன்மொழியப் போகிறேன். கடவுள் வாழ்த்தையும் அவரே பாடட்டும். உங்களுக்கும் சரி என்று பட்டால் கூட்டத்துக்கு வாருங்கள். கை தூக்க ஆள் வேண்டும்.